உறைந்த ஆற்றுக்குத் துறை இல்லை

உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
பலகை வேலிகளுக்குப் பின்னால்
கம்பளிக் கூடாரங்கள்.
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு தகரக் குழாய்,
குழாய்க்குக் கீழே அடுப்பு,
அடுப்புக்குப் பக்கத்தில் இருமல்.

இருமலை எண்ணினார் ஓயுன்பிலெக், குழந்தை மருத்துவர்.
மூன்று குளிர்காலம்,
நானூற்றுப் பன்னிரண்டு சின்ன மார்புகள்.
அவர் பேரேட்டில் வீடு என்பது
முகவரிக்கு ஒதுக்கிய ஒன்றரை வரி.

அடுப்பை அளந்தான் பத்சோஜ், பொறியாளன்.
ஆய்வுக்கூடத்தில் அவனுடைய புது அடுப்பு
பாதிப் புகைதான் கக்கியது.
அங்கே அதை நாளுக்கு ஒருமுறை பற்றவைப்பார்கள்,
காய்ந்த கரியில்,
மதியச் சாப்பாட்டுக்கு முன்.

நான் கோடு போடுகிறவள்.
காற்றுமானிகள் அனுப்பும் எண்களைச்
சுவரில் ஒட்டும்படி ஆக்கித் தருவேன்.
என் கோட்டில் தினமும் ஒரு கூம்பு,
இரவு ஒன்பதே முக்காலுக்கு.

அடுப்பா, என்றார் மருத்துவர்.
அடுப்பு சரி, ஆட்கள் சரியில்லை, என்றான் அவன்.
"எரிக்கும் முறை அறியாமை" என்று
பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியும் விட்டோம்.
என் கையெழுத்தும் அதில் உண்டு.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
புகையைக் கேட்டோம்.
நெருப்பைக் கேட்டோம்.
மூட்டுகிற கை
எவர் பாடத்திலும் இல்லை.

நர்மந்தாக் வந்தது தற்செயல்.
கீழ்த்தளத்தில் பேருந்துகளுக்கு நேரம் குறிப்பவள்;
எங்கள் மாடியில்தான் அச்சு எந்திரம் ஓடும்.
காகிதம் வெளிவரக் காத்திருந்தவள்
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"இது என் நாற்பத்தொன்று."

எது?

"கடைசி வண்டி. ஒன்பதரைக்கு மேடேறும்.
ஏழேகால் வண்டி ஒன்று இருந்தது.
அக்டோபரில் நான்தான் நிறுத்தினேன்.
டீசல்."

அச்சு எந்திரம் நின்றது.
அவள் காகிதத்தை எடுக்கவில்லை.

அன்றிரவு நாற்பத்தொன்றில் நாலு பேர் நின்றபடி போனோம்.
மைனஸ் இருபத்தெட்டு.
கண்ணாடியில் யாரோ நகத்தால் சுரண்டிய ஓட்டை வழியே
நகரம் காசளவு தெரிந்தது.

செரெந்துலாமின் அடுப்பு மத்தியானமே செத்திருந்தது.
இரண்டு பிள்ளைகள்
ஒரே கோட்டுக்குள்.
அவள் மேல்சட்டை கழற்றவில்லை.
செய்தித்தாள், சுள்ளி,
சீக்கிரம் பிடிக்க ஒரு துண்டு டயர்.
கறுப்பாகத் திரண்டது.
எப்படி எரிப்பதென்று அவளுக்குத் தெரியும்,
எங்களைவிட நன்றாக.
தெரியாதது,
விறைத்த பிள்ளையைக் காத்திருக்கச் சொல்வது எப்படி என்பது.

வேலை எங்கே, என்று கேட்டார் மருத்துவர்.
"உங்கள் ஆஸ்பத்திரிச் சலவையறையில்.
குழந்தைகள் வார்டுப் படுக்கைவிரிப்பு."

உப்புப் போட்ட பால்தேநீர் கொடுத்தாள்.
பத்சோஜ் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு
தன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்,
பிறர் வீட்டில் வளரும் தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

திரும்ப வண்டியில்லை. நடந்தோம்.
கீழே தூல் ஆறு உறைந்து கிடந்தது.

துறை என்பது ஆற்றில் இறங்கப் போட்ட படி.
அவரவர் படியில் நின்று
அவரவர் குடத்தில் மொண்டு
இது என் ஆறு என்று
பெயரெழுதி மூடி வைத்திருந்தோம்.
உறைந்த ஆற்றுக்குத் துறை இல்லை.
எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம்,
வழுக்கி விழச் சம்மதமென்றால்.
நான் இருமுறை விழுந்தேன்.
தூக்கிவிட்டவள் நர்மந்தாக்.

நிதிக்குழுவின் படிவம் கேட்கிறது:
மருத்துவமா, பொறியியலா, போக்குவரத்தா?
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்.
மூன்றிலும் குறியிட்டோம்.
திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடி மூன்றிலும்.

பிப்ரவரியிலிருந்து ஏழேகால் வண்டி ஓடுகிறது,
சோதனைக்காக, அவள் பொறுப்பில்.
பன்னிரண்டாம் பக்கத்தை அடித்துவிட்டோம்.
அடித்தது தெரியட்டுமென்று கிழிக்கவில்லை.

கூம்பு கொஞ்சம் சரிந்திருக்கிறது.
வண்டியாலும் இருக்கலாம்,
குளிர் தணிந்ததாலும் இருக்கலாம்.
அதைச் சொல்ல வானிலைக்காரர் ஒருவர் வேண்டும்.

இன்னொரு நாற்காலி கேட்டிருக்கிறோம்.